மேலது என்ற ஒரு சொல்

ஆட்டுத் தரகர்களில் பொய் சொல்லாதவர் என்று எங்கள் பக்கத்தில் ஒருவரைத்தான் சொல்வார்கள். அவர் பா அல்லால். வயதில் மூத்த ஆண்களை நாங்கள் 'பா' சேர்த்துத்தான் கூப்பிடுவோம். சிலருக்கு அது வயதுக்காக வாய்ப்பது, சிலருக்கு மனத்துக்காக. அவருக்கு இரண்டுக்காகவும் வாய்த்தது.

பொய் சொல்லாமல் தரகு பார்க்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். எதைச் சொன்னாலும் அது யாருடைய சொல் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவார். ரிஸ்ஸானிச் சந்தையில் ஆட்டின் வாயைப் பிளந்து காட்டும்போது, "பல்லு நான் பார்த்தது. போன வருஷம் ரெட்டைக் குட்டி போட்டுதுங்கறது விக்கிறவன் சொல்றது. அவனுக்கு அவன் பொண்டாட்டி சொல்லியிருப்பா, அவன் என்னைக்கு வீட்ல இருந்திருக்கான்" என்பார். வாங்க வந்தவன் சிரித்துவிடுவான். சிரித்த பிறகு வாங்காமல் போகமாட்டான்.

தேநீர்க் கடையில் அவரை விடாமல் சீண்டுவார்கள். அல்லாலுக்குப் பசித்தால்கூட, பசிக்கிறது என்று வயிறு சொல்கிறது, நான் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் ரொட்டியைப் பிய்ப்பார் என்பார்கள். அவரும் கூடச் சிரிப்பார். "யாரு சொன்னா அப்படி? பேரைச் சொல்லு" என்பார்.

நான் டாக்ஸி ஓட்டுகிறவன். முன்னால் இருவர், பின்னால் நால்வர் என்று ஆள் நிறைந்ததும் கிளம்புகிற வண்டி. எங்கள் தாலூஸ்த்திலிருந்து ரிஸ்ஸானிக்கும், சந்தை இல்லாத நாளில் எர்ரஷீதியாவுக்கும் போய் வருவேன். சந்தை நாளெல்லாம் முன் சீட்டில் பா அல்லால் இருப்பார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். மார்க்கத்தில் நான் அறிந்ததெல்லாம் பள்ளிவாசலில் காதால் கேட்டதுதான். இமாம் ஒரு நபிமொழியைச் சொல்லுமுன், இன்னாருக்கு இன்னார் சொன்னார், அவருக்கு இன்னார் சொன்னார் என்று பெயர்களை அடுக்குவார். சின்ன வயதில் எனக்கு அது தூக்கம் வருகிற இடம். பா அல்லாலின் பேச்சைக் கேட்டுக் கேட்டு வண்டி ஓட்டிய பிறகு அந்தப் பெயர்களை நான் விழித்திருந்து கேட்க ஆரம்பித்தேன். ஆளில்லாத சொல் அநாதைப் பிள்ளை மாதிரி. யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், யார் வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு போகலாம்.

அவருக்கு உலகத்தில் பெரியது ஒரே உறவுதான். அவர் பிறந்தபோது தாய்க்குக் காய்ச்சல் கண்டு பால் வற்றிவிட்டது. அடுத்த வீட்டு பஸ்ஸூவின் மனைவி, சில மாதம் முன்னால் தான் பெற்ற மைமூனை ஒரு மார்பிலும் இவரை ஒரு மார்பிலும் போட்டு வளர்த்தாள். பால் கொடுத்தவள் தாய், அவள் புருஷன் தகப்பன், அவள் பிள்ளைகள் கூடப்பிறந்தவர்கள். மார்க்கத்தில் அப்படித்தான். ஆகவே மைமூன் இவருக்கு அண்ணன், செத்துப்போன பஸ்ஸூ இவருக்கும் அப்பா. மைமூனைத் தவிர வேறு யாரும் அவரை 'டேய்' என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மைமூனின் பிள்ளைகளுக்கு அவர் சித்தப்பா. மூத்தவன் இத்ரீஸ் எர்ரஷீதியாவில் வாத்தியார். விடுமுறைக்கு என் வண்டியில் வந்து இறங்கினால், சித்தப்பா வீட்டில் மோர் குடித்துவிட்டுத்தான் தன் வீட்டு வாசலை மிதிப்பான்.

எங்கள் ஊரில் ஒரு பழைய காயம் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் ஈச்சந்தோப்புகளுக்குள் படையோடு வந்தபோது, ஊர் ஆண்கள் சிலர் மண்ணுக்கடியில் ஓடும் வாய்க்கால் ஒன்றில், அது வறண்டு கிடந்த இடத்தில், இறங்கி ஒளிந்துகொண்டார்கள். அதன் வாய் எங்கே இருக்கிறது என்று வெளியாளுக்குத் தெரியாது. யாரோ காட்டிக் கொடுத்தார்கள். ஒளிந்தவர்களை மேலே இழுத்துச் சுட்டார்கள். காட்டியவர் யார் என்று ஊர் கேட்பதில்லை. செத்தவர்களுக்கு பாத்திஹா ஓதுவோம், அதோடு பேச்சு முடிந்துவிடும்.

இதை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்க மெக்னெஸ் நகரத்திலிருந்து கவ்தர் என்ற பெண் வந்தாள். நல்ல பெண், அடக்கமானவள். வீடு வீடாகப் போய்ச் சின்ன டேப் ரிக்கார்டரை வைத்துக்கொண்டு வயதானவர்களிடம் பேசினாள். பா அல்லாலிடம் அவள் பேசிய அன்று நானும் அங்கே இருந்தேன், தேநீர் ஊற்றியது நான்தான். ஆண்கள் ஒளிந்திருந்த இடத்தை அவர் சொன்னார், தன்னைப் பெற்ற அப்பா சொல்லித் தனக்குத் தெரியும் என்று சொன்னார். காட்டிக் கொடுத்தவர் யார் என்று அவள் மெல்லக் கேட்டாள்.

"தெரியாதும்மா. அந்தப் பேச்சு வந்தா எங்கப்பா எழுந்து வெளியே போயிடுவார். எழுந்து போனது நான் பார்த்தது. ஏன் போனார்னு யாரும் எனக்குச் சொல்லலை."

இதுதான் அவர் சொன்னது. அல்லாஹ் முன்னிலையில் நான் கேட்டது இதுதான்.

இரண்டு மூன்று வருடத்தில் அவளுடைய ஆராய்ச்சி புத்தகமாக வந்துவிட்டது. ஊர்ச் சங்கத்தார் கூடத்தைப் பெருக்கி, பாய் விரித்து, தேநீரும் ஈச்சம்பழமும் வைத்து எல்லாரையும் கூப்பிட்டார்கள். கவ்தர் அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தாள், வர முடியவில்லை, பிரதிகளைப் பஸ்ஸில் போட்டு அனுப்பியிருந்தாள். வாசித்துக் காட்ட இத்ரீஸை உட்கார வைத்தார்கள். பா அல்லால் வெள்ளை ஜில்லாபா அங்கி போட்டு, மைமூனுக்குப் பக்கத்தில் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. தன் பெயர் அச்சில் ஏறியிருக்கிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து பத்து முறையாவது என்னிடம் சொல்லியிருப்பார். ஒவ்வொரு முறையும், "இத்ரீஸ் சொன்னான், நான் பார்க்கலை" என்றும் சேர்த்துக்கொள்வார்.

"என் பேர் வர்ற இடமெல்லாம் வாசிடா மவனே. கீழே பொடி எழுத்துல இருக்கறதையும் விடாதே. ஆள் பேர் அங்கதான் இருக்குமாம்."

இத்ரீஸ் வாசித்தான். வாய்க்காலைச் சுத்தம் செய்த விதம், கீழே பா அல்லால் பெயர். கூட்டம் தலையாட்டியது. மைமூன் அவரை முழங்கையால் இடித்தார். அடுத்து, ஆண்கள் வறண்ட வாய்க்காலுக்குள் ஒளிந்தது. கீழே மறுபடியும், 'அல்லால், தாலூஸ்த், வாய்மொழி'. அதே மூச்சில் இத்ரீஸ் அடுத்த வரியையும் வாசித்துவிட்டான். 'வாய்க்காலின் வாயைப் படைக்குக் காட்டியவர் பஸ்ஸூ என்னும் தாலூஸ்த்துக்காரர்.' அதற்கும் ஓர் எண் இருந்தது. அவன் கண் கீழே போனது. விடாமல் வாசி என்று சித்தப்பா சொல்லியிருந்தாரே, வாசித்தான். "மேலது."

மேலது என்றால் என்ன என்று பின்னால் இருந்த யாரோ கேட்டார்கள். மேலே சொன்ன அதே ஆள்தான் இதையும் சொன்னார் என்று பொருள், என்றான் இத்ரீஸ். சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. அந்தக் காலத்தில் ஊரில் வளர்ந்த ஆணாக இருந்த பஸ்ஸூ ஒருவர்தான்.

மைமூன் கையில் இருந்த தேநீர்க் கிளாஸைத் தட்டில் வைத்தார். சத்தம் வராமல்தான் வைத்தார். எழுந்து வெளியே போனார். பா அல்லால் பக்கத்தில் இருந்த வெற்றுப் பாயைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். நான் சொல்லலையே, நான் சொல்லலையே என்று ஒவ்வொரு முகமாகத் திரும்பிச் சொன்னார். அவரவர் செருப்பைத் தேடினார்கள்.

அன்று மாலையே பா அல்லால் மைமூன் வீட்டுக்குப் போனார். வாசலில் நின்ற இத்ரீஸ், அப்பா படுத்திருக்கிறார், பிறகு பார்க்கலாம், ஸீ அல்லால், என்றான். சித்தப்பா என்று கூப்பிடவில்லை. வெளியூர் அதிகாரியிடம் பேசுவதுபோல 'ஸீ' போட்டு மரியாதையாகப் பேசினான். அந்த மரியாதையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. "அவன் என்னைத் திட்டியிருக்கலாம், ஜிலாலி" என்று என்னிடம் வந்து சொன்னார்.

நான் கேட்டதை நான் சொல்லாமல் இல்லை. இமாமிடம் சொன்னேன், சங்கத்தாரிடம் சொன்னேன், இத்ரீஸிடமே போய்ச் சொன்னேன். இமாம் என் தோளில் கை வைத்து, நீ சொல்வது உண்மை என்று எனக்குத் தெரியும், ஆனால் நீ ஒரே சாட்சி, அதிலும் தினமும் அவரை முன் சீட்டில் ஏற்றிப் போகிறவன், என்றார். அச்சில் ஏறிய சொல்லுக்கு எதிரே என் சொல் எத்தனை பலம்? ஊரில் அரைவாசிப் பேர் கோபப்படக்கூட இல்லை. அல்லால் சொன்னால் அது பொய்யாக இருக்காதே என்றுதான் பேசிக்கொண்டார்கள். அவர் ஆயுள் முழுக்கச் சேர்த்த நல்ல பெயர், இப்போது பஸ்ஸூவின் மீது சுமத்திய பழிக்கு முத்திரையாகிவிட்டது.

மெக்னெஸுக்குப் போவோம் என்றார் பா அல்லால். போனோம். மலை தாண்டிப் போகிற வழி, அவர் பேசவே இல்லை. தேவதாருக் காட்டில் ஓரமாக நிறுத்தி லுஹர் தொழுதோம். நான் தொழுது முடித்த பிறகும், சஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்தவர் எழ நேரமாயிற்று.

கவ்தர் எங்களைப் பார்த்ததும் சந்தோஷமாக ஓடி வந்தாள், அவர் தலையில் முத்தமிட்டாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே நாங்கள் கொண்டுபோன புத்தகத்தைத் திறந்தாள். அந்தப் பக்கத்தைப் படித்தாள். மறுபடி படித்தாள். குழந்தையைத் தன் தாயிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தாள்.

அவள் சொன்னதை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். ஒருவர் சொன்னதை எடுத்து எழுதினால் கீழே அவர் பெயரைப் போட வேண்டும். அடுத்ததும் அவர் சொன்னதுதான் என்றால், திரும்ப அதே பெயரை எழுதாமல் 'மேலது' என்று போடுவார்கள். படித்தவர்கள் எல்லாரும் செய்வது. முதலில் அவள் எழுதியபோது, ஆண்கள் ஒளிந்தது, காட்டிக் கொடுத்தது, இரண்டுக்கும் ஒரே சான்றுதான் இருந்தது. பிரெஞ்சுப் படைத் தலைவன் ஒருவன் தன் மேலதிகாரிக்கு எழுதிய அறிக்கை. முதல் எண்ணுக்கு அவன் பெயர், அடுத்த எண்ணுக்கு 'மேலது'. ஒப்படைக்கிற நேரத்தில் பேராசிரியர், ஒளிந்ததற்கு எதிரியின் காகிதம் மட்டும் போதாது, ஊர்க்காரர் ஒருவரையும் சேர்த்துக்கொள் என்றிருக்கிறார். நியாயமான பேச்சு. அவள் இரண்டுக்கும் நடுவே பா அல்லாலின் பெயரைச் செருகினாள், அடுத்து நின்ற 'மேலது' அவரைக் காட்ட ஆரம்பித்துவிட்டது.

"கம்ப்யூட்டர்ல நம்பரெல்லாம் தானா நகர்ந்துக்கிச்சு, பா அல்லால். அந்த வார்த்தை மட்டும் நகரலை. நானும் பார்க்கலை. பரீட்சை பண்ணினவங்களும் பார்க்கலை."

என் தொழிலில் இது நடக்கும். எர்ஃபூத் நிறுத்தத்தில் ஒருத்தி மூட்டையை ஏற்றிவிட்டு, இது முன் சீட்டுக்காரருடையது, இறங்கும்போது கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிப் போவாள். வழியில் முன் சீட்டுக்காரர் காற்று வேண்டுமென்று பின்னால் போய்விடுவார், வேறொருவர் முன்னால் வந்து உட்காருவார். ஊர் வந்ததும் மூட்டையைத் தூக்கி அவர் தலையில் வைத்துவிடுவோம். மூட்டை என்றால் மறுநாள் திருப்பி வாங்கலாம்.

பா அல்லால் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "அப்போ அந்தச் சொல்லு அந்தப் படைத் தலைவனோடது."

"ஆமா."

"அவனுக்கு யார் சொன்னா?"

கவ்தர் காகிதத்தைப் புரட்டினாள். "அது எழுதலை."

"எங்க அப்பன் பேரை எழுதினவன், தனக்குச் சொன்னவன் பேரை எழுதலையா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சந்தையில் ஓர் ஆட்டைப் பற்றிக் கேட்பதுபோல்தான் கேட்டார். ஊரில் எத்தனையோ பஸ்ஸூ இருப்பார்கள் என்று நினைத்துவிட்டதாகச் சொல்லி அவள் அழுதாள். அன்று என் வாயருகே ஒரு பெட்டி வைத்தாயே, அதில் என் குரல் இருக்குமே, அதை எடுத்துக்கொண்டு போய் மைமூனுக்குப் போட்டுக் காட்டலாமே, என்று அவர் கேட்டார். அவள் தரையைப் பார்த்தாள். கேசட் வாங்கக் கையில் காசில்லாத காலம், கேட்டு எழுதியெடுத்தபின் அதன் மேலேயே வேறொருவர் பேச்சைப் பதிந்துவிட்டாள்.

அடுத்த பதிப்பில் திருத்திவிடுவேன், இன்ஷா அல்லாஹ், என்றாள். அது எப்போது வரும் என்று கேட்டதற்கு, இந்த மாதிரிப் புத்தகத்துக்கு அடுத்த பதிப்பு வருவதில்லை என்று அவளே சொன்னாள். பாவம், பொய் சொல்லத் தெரியாத பெண். கீழே இருந்த கடையில் பிழைதிருத்தச் சீட்டு அச்சடித்துக் கொடுத்தாள். இன்ன பக்கத்தில், இன்ன எண்ணில், 'மேலது' என்பதைப் 'படைத் தலைவரின் அறிக்கை' என்று திருத்திப் படிக்கவும். ஒவ்வொரு புத்தகத்திலும் ஒட்டுவதற்கு ஒரு கட்டு. இத்ரீஸோடு போனிலும் பேசினாள், எல்லாம் தன் தவறு என்று. திரும்பி வரும் வழியெல்லாம் பா அல்லால் அந்தக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே வந்தார். மைமூனிடம் எப்படி ஆரம்பிப்பது, அவன் முதலில் திட்டுவான், பிறகு சிரிப்பான், இரண்டு பேரும் உட்கார்ந்து மெத்ஃபூனா ரொட்டி வாங்கிச் சாப்பிடுவோம் என்றெல்லாம்.

மைமூனைப் பார்க்க முடியவில்லை. இத்ரீஸ்தான் சீட்டை வாங்கிப் படித்தான்.

"நீங்க சொல்லலைன்னே வெச்சுக்குவோம், ஸீ அல்லால். இதுவரைக்கும் எங்க தாத்தா பேரு உங்க வாயில இருந்துச்சு. வாய்ப்பேச்சுன்னு நாங்க தட்டி விட்டுடலாம். இப்போ சர்க்கார் காகிதத்துல இருக்குங்கறீங்க. இதையா புத்தகத்துக்குப் புத்தகம் ஒட்டச் சொல்றீங்க?"

சீட்டை ஒட்டினால் இவர் பெயர் வெளுக்கும், பஸ்ஸூவின் பெயரில் ஆணி இறங்கும். ஒட்டாவிட்டால் பழி இவர் தலையில். வாசலை விட்டு இறங்கியதும் கட்டை என் கையில் கொடுத்து, "வண்டியில எங்கியாவது போட்டு வைப்பா" என்றார். ஸ்டெப்னிக்கு அடியில் வைத்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

அதன் பிறகும் சந்தைக்கு வந்தார். ஆட்டு வாயைப் பிளந்து காட்டினார். இது நான் பார்த்தது, அது அவன் சொன்னது என்று சொல்ல வாயெடுத்தால் பக்கத்துத் தரகன் யாராவது இருமுவான். அவர் பாதியில் நிறுத்திக்கொள்வார். ஒவ்வொரு வெள்ளியும் பள்ளிவாசலில் மைமூன் முதல் வரிசையில் நிற்பார், இவர் தூண் பக்கம் நிற்பார். தொழுகை முடிவில் ஸலாம் சொல்லி மைமூன் முகம் இவர் பக்கம் திரும்பும்போது, கண் இவரைத் தாண்டிப் போய்விடும். அண்ணன் ஒருமுறை 'டேய்' என்று கூப்பிட வேண்டும் என்பதுதான் அவர் துஆ. வேறு எதையும் அவர் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

மைமூனுக்கு நுரையீரலில் நோய் வந்தது. எர்ரஷீதியா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், நான்தான் கொண்டுவந்து விட்டேன். சில நாள் கழித்து ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து இத்ரீஸ் டாக்ஸி நிற்கும் இடத்துக்கு வந்தான். அப்பா கூப்பிடுகிறார், ஸீ அல்லாலை அழைத்துக்கொண்டு வாருங்கள், நீங்களும் இருங்கள் என்றார், என்றான்.

வழியில் பா அல்லால் சொல்ல வேண்டியதை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "நம்பர் நகர்ந்துச்சு, வார்த்தை நகரலை. கவ்தர் சொன்னா. ஜிலாலி கூட இருந்தான். அப்படியே சொல்லிடுவேன்."

அறையில் மைமூனின் பிள்ளைகள், மருமகன், பக்கத்து வீட்டுக்காரர் இருவர். மைமூன் தலையணைகளில் சாய்ந்திருந்தார். பாதி ஆள்கூட இல்லை.

"வாடா," என்றார்.

அந்த ஒரு சொல்லில் பா அல்லால் கதவருகிலேயே நின்றுவிட்டார். நான் பின்னாலிருந்து லேசாகத் தள்ள வேண்டியிருந்தது. போய் மண்டியிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எதுக்கும் ஆள் பேரு சொல்றவன் நீ," என்றார் மைமூன். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. "ஆட்டுப் பல்லுக்கே சாட்சி வெப்பே. எங்கப்பாவைப் பத்தி மட்டும் யாரு சொன்னான்னு சொல்லாம விட்டியேடா. சொன்னதுகூடப் பெருசில்ல. அதுதான் வலிச்சுச்சு."

"மைமூன், நான்..."

"பேசாதே. எனக்கு மூச்சு கொஞ்சந்தான் இருக்கு, அதை நான் பேசிக்கறேன்." லேசாகச் சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. "ஒரே தாய்கிட்ட பால் குடிச்சோம். உன்னை மன்னிச்சுட்டேன். அல்லாஹ்கிட்ட உன்மேல ஒரு வழக்கும் கொண்டு போகலை. நீயும் என்னை மன்னிச்சேன்னு சொல்லு. இவங்கெல்லாம் கேக்கட்டும்."

பா அல்லால் வாய் திறந்தது. நான் அவர் முகத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். நான் சொல்லவே இல்லை என்றால், பிறகு யார் சொன்னது என்று சொல்ல வேண்டும். படைத் தலைவனின் காகிதத்தை அந்தப் படுக்கைமேல் விரிக்க வேண்டும். சாகப் போகிறவர் நீட்டிய மன்னிப்பை, எனக்கு வேண்டாம் என்று தள்ள வேண்டும். இத்ரீஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கவ்தர் போனில் பேசியதும் அவனிடம்தான், சீட்டைப் படித்தவனும் அவன்தான். அவன் கண் கெஞ்சியது. சொல்லிவிடாதே என்றுதான் கெஞ்சியது.

"மன்னிச்சேன், அண்ணே," என்றார் பா அல்லால். "நீ மன்னிச்சதுக்கு அல்லாஹ் உனக்குக் கூலி தரட்டும்."

அந்த வாரம் முடியுமுன் மைமூன் மவுத்தானார். மய்யித்தைக் குளிப்பாட்ட, "சித்தப்பா, வாங்க" என்று இத்ரீஸே வந்து அழைத்தான். தன்னோடு பால் குடித்த உடம்பைப் பா அல்லால் தன் கையால் கழுவினார். ஜனாஸாத் தொழுகையில் முதல் வரிசையில் நின்றார். அவர் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள். கிடைத்ததுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை.

ஆனால் அந்த அறையில் இருந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள், தொழுகையாளிகள். பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார்கள். பஸ்ஸூவின் மகன், தன்னைப் பற்றி அல்ல, தன் அப்பாவைப் பற்றிச் சொன்னவரை மன்னித்தார், சொன்னவரும் ஏற்றுக்கொண்டார், இப்படி ஒரு சாவு யாருக்கு வாய்க்கும் என்று சொன்னார்கள். கேட்டவர்கள் சுப்ஹானல்லாஹ் என்றார்கள். ஒருவர் என்னைச் சந்தையில் பிடித்து, நீயும் அங்கே இருந்தாயாமே, அல்லால் ஏற்றுக்கொண்டது உண்மைதானா என்று கேட்டார். உண்மைதான் என்றேன். அவர் அதைச் சொல்லவே இல்லை என்பதும் உண்மை என்று ஆரம்பித்தேன். சொல்லாததற்கு எவனாவது மன்னிப்பு வாங்குவானா என்று சிரித்துவிட்டுப் போனார்.

சென்ற ஈச்சம்பழ அறுவடைக் காலத்தில் ஒரு சந்தை நாள். பா அல்லால் முன் சீட்டில். பின்னால் எர்ஃபூதில் ஏறிய நால்வர், எங்கள் ஊர் முகம் எதுவும் இல்லை. பேச்சு மன்னிப்பைப் பற்றித் திரும்பியது. அதில் ஒருவர் எடுத்தார்: தாலூஸ்த்தில் ஒரு தரகன், பால் கொடுத்த வீட்டையே காட்டிக்கொடுத்துப் பேசினானாம், பெரியவர் சாகும்போது அவனைக் கூப்பிட்டு மன்னித்தாராம்.

பக்கத்தில் இருந்தவர் சந்தேகப்பட்டார். "நெசமாவா? யார் சொன்னது?"

"என் மச்சான் சொன்னான். அவனுக்கு அந்தப் பெரியவரோட மகன் இத்ரீஸ் வாத்தியாரே சொன்னது. அந்த அறையில இருந்தவர். தரகன் எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டானாம்."

கேட்டவர் திருப்தியாகத் தலையாட்டினார். கேட்கவும் வேண்டுமா, ஒருவர் பெயரும் விடாமல் சொல்லிவிட்டாரே. அதில் பொய் சொன்னவர் ஒருவரும் இல்லை.

நான் வண்டியின் வேகத்தைக் குறைத்தேன். ஓரம் கட்டி, திரும்பி உட்கார்ந்து, ஸ்டெப்னிக்கு அடியில் இருப்பதை எடுத்து நீட்டலாம் என்றுகூட நினைத்தேன். பா அல்லால் என்னைப் பார்க்காமலே, கியர் மேல் இருந்த என் கையில் தன் கையை வைத்தார். பிறகு பின்னால் திரும்பினார்.

"அல்லாஹ் அவங்க ரெண்டு பேரையும் மன்னிக்கட்டும்னு சொல்லுங்க," என்றார்.

ஆமீன் என்றார்கள் நால்வரும். நானும் ஆமீன் சொன்னேன்.